நற்செய்திக்கும் வாழ்வுக்கும் நடுவே ஒன்றரை மணி நேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

அசிசி நகர்ப் புனித பிரான்சிஸின் வழியில் நடக்க விரும்பும் பொதுநிலையினர் (குருவோ துறவியோ அல்லாதவர்கள்) எட்டுப் பேர் கூடிச் செபிக்கப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. ஒரு திருவிவிலியம், ஒரு மெழுகுதிரி, பிரான்சிஸ் முன்னின்று செபித்த சான் தமியானோ சிலுவையின் படம், எல்லார் கண்ணிலும் படும்படி ஒரு கடிகாரம், இவ்வளவு போதும். இந்த நான்கில் கடிகாரத்தைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். குழுக்கள் கலைவதும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். பிரான்சிஸ்கன் செபக் குழு வேறு. மூன்றாம் சபை என்று பழகிய பெயரில் நாம் அழைக்கும் பொதுநிலை பிரான்சிஸ்கன் சபை வேறு. சபையின் ஓர் உள்ளூர்க் குழுமம் முறைப்படி நிறுவப்பட வேண்டுமானால், நிரந்தர வாக்குறுதி (வாழ்நாள் முழுவதற்குமான வாக்குறுதி) கொடுத்தவர்கள் குறைந்தது 5 பேர் இருக்க வேண்டும். பிரான்சிஸ்கன் துறவியரின் இல்லங்களுக்கும் கோவில்களுக்கும் வெளியே நிறுவுவதென்றால் ஆயரின் எழுத்து மூலமான இசைவும் வேண்டும். வாக்குறுதிக்கு முந்தைய பயிற்சிக் காலம் மட்டுமே ஓராண்டுக்குக் குறையாது. செபக் குழுவுக்கு இவையெல்லாம் வேண்டாம், பங்குத்தந்தையிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் நல்லது. ஆனால் சபையின் பெயரை எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது. பின்னாளில் வரும் மனத்தாங்கல்களுக்கு அது ஒரு காரணம்.

இருந்தாலும், சபையின் ஒழுங்கிலிருந்து, அதாவது அதன் விதிநூலிலிருந்து, ஒரு வரியைக் கடன் வாங்கலாம். திருத்தந்தை ஆறாம் பவுல் 1978-இல் ஒப்புதல் தந்த ஒழுங்கின் 4-ஆம் பிரிவு, நற்செய்தியிலிருந்து வாழ்வுக்கும் வாழ்விலிருந்து நற்செய்திக்கும் போய்வரச் சொல்கிறது. நம்பிக்கைப் பகிர்வு என்பது இந்தப் போக்குவரத்துதான். விவிலிய வகுப்பு நற்செய்தியோடு நின்றுவிடும். ஊர்க்கதை வாழ்வோடு நின்றுவிடும்.

தொடக்கச் செபத்துக்கு, சான் தமியானோ சிலுவையின் முன் பிரான்சிஸ் சொன்ன செபமே போதும். என் இதயத்தின் இருளை அகற்றும், நேரிய நம்பிக்கையும் உறுதியான எதிர்நோக்கும் நிறைவான அன்பும் தாரும் என்று கேட்கும் சிறிய செபம் அது. சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகாது. பலரும் ‘என்னை உமது அமைதியின் கருவியாக்கும்’ என்பதைத்தான் பிரான்சிஸின் செபமாகச் சொல்கிறார்கள். அழகான செபம்தான், ஆனால் பிரான்சிஸ் எழுதியதல்ல. 1912-இல் ஒரு பிரெஞ்சு இதழில் முதன்முதலாக அச்சேறியது. தாராளமாகச் சொல்லுங்கள், அவர் பெயரை மட்டும் ஏற்றாதீர்கள்.

அடுத்து வாசகம். வரும் ஞாயிற்றுக்கிழமையின் நற்செய்தியை எடுத்துக்கொள்வது சுலபம். தேர்ந்தெடுப்பதில் தகராறு வராது. 15 வசனங்களுக்கு மேல் போனால் பாதியை வாசியுங்கள். இரண்டு முறை, இரண்டு வேறு குரல்களில், நடுவில் ஒரு நிமிடம் விட்டு வாசிக்க வேண்டும். இரண்டாம் வாசிப்புக்குப் பிறகு மூன்று நிமிட மௌனம். புதிய குழுவில் ஒரு நிமிடம் ஆவதற்குள் யாராவது தொண்டையைச் செருமுவார்கள், அல்லது பாட்டை எடுப்பார்கள். விடாதீர்கள். அந்த மௌனத்தில்தான் மனத்தில் பட்ட வரி எது என்பது தெரியவரும். மௌனம் குறைந்தால் பகிர்வு பிரசங்கமாகிவிடும், ஏனென்றால் அவசரத்தில் நாக்குக்கு வருவது ஏற்கெனவே கேட்ட பிரசங்கம்தான்.

பிறகு பகிர்வு. ஆளுக்கு மூன்று நிமிடம். எட்டுப் பேர் என்றால் 24 நிமிடம், இடைவெளிகளோடு அரை மணி. பன்னிரண்டு பேர் ஆகிவிட்டால் இந்தக் கணக்கு நிற்காது. பத்தைத் தாண்டும்போதே குழுவை இரண்டாகப் பிரித்துவிடலாம். பேச விரும்பாதவர் அடுத்தவரைப் பார்த்துத் தலையசைத்தால் போதும், காரணம் கேட்கக் கூடாது. மாதக்கணக்கில் பேசாமலே வந்துபோகிறவர்கள் உண்டு, அவர்கள் குழுவுக்குப் பாரமல்ல.

பகிர்வு தடம் மாறுகிறதா என்பதைத் தமிழில் ஒரே எழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். ‘நான்’ என்று தொடங்கியவர் ‘நாம்’ என்று மாறும் இடத்தில் பகிர்வு முடிந்து போதனை தொடங்கிவிட்டது. ‘நாமெல்லாம் மன்னிக்க மறந்துவிட்டோம்’ என்பவர் தன் வீட்டில் யாரோடு பேசாமல் இருக்கிறார் என்பதைச் சொல்லாமல் தப்பித்துக்கொள்கிறார். அவரை நடுவில் நிறுத்தினால் மனம் புண்படும். அதனால் கூட்டத்தை நடத்துபவர் ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலேயே, எல்லாருக்கும் பொதுவாக, ‘நான் என்று பேசுவோம்’ என்று நினைவூட்டிவிட வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஆறுதல். ஒருவர் கண்கலங்கினால் உடனே நான்கு பேர் அறிவுரையோடு கிளம்புகிறார்கள்: மருத்துவர் பெயர், நவநாள், ‘எனக்கும் இப்படித்தான்’ என்று தன் கதை. அழுதவர் அடுத்த வாரம் வரமாட்டார். பகிர்வுக்குப் பதில் சொல்லாமல், சற்று அமைதியாக இருந்துவிட்டு அடுத்தவருக்குப் போவதே சரி. அவர் உதவி கேட்டால் கூட்டம் முடிந்தபின் தனியே பேசலாம்.

கேட்டது வெளியே போகக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அது கசியும் ஓட்டை ஒன்று இருக்கிறது: மன்றாட்டு. ‘இன்னார் கணவரின் குடிப்பழக்கம் தீர’ என்று உரக்க மன்றாடும்போது செபத்தின் போர்வையில் ஒரு குடும்பத்தின் சங்கதி கூடத்துக்கு வந்துவிடுகிறது. பெயரில்லாமல் ‘ஒரு குடும்பத்துக்காக’ என்றாலே கடவுளுக்குத் தெரியும். இரகசியத்துக்கு ஒரு விலக்கும் உண்டு: ஒரு குழந்தைக்கு ஆபத்து, அல்லது ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தில் இருக்கிறார் என்று தெரிந்தால் மூடிவைக்க முடியாது. இதை முதல் நாளே அறிவித்துவிடுங்கள்.

நடத்துபவர் யார்? தன் சகோதரர்களில் எவரையும் தலைவர் என்று அழைக்க பிரான்சிஸ் விடவில்லை. பொறுப்பில் இருந்தவர்களைப் பணியாளர் என்றே அழைத்தார். சிறு குழுவில் அந்தப் பணி மாதம் ஒருவரிடம் மாறிவரட்டும். நன்றாகப் பேசத் தெரிந்தவரிடமே அது தங்கிவிட்டால், மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துப் பகிரத் தொடங்குவார்கள்.

மழையோ திருமணமோ, மூன்று பேர்தான் வந்தார்கள் என்றால் கூட்டத்தைத் தள்ளிவைக்காதீர்கள். அதே வரிசையில், சுருக்கமாக நடத்துங்கள். கூட்டம் தொடங்கி ஒன்றரை மணி நேரம் ஆனதும், யார் பாதியில் இருந்தாலும் அந்த வாக்கியத்தோடு நிறுத்தி, கர்த்தர் கற்பித்த செபம். பிறகு பிரான்சிஸ் தம் இறுதிச் சாசனத்தில், ஆண்டவரே எனக்கு வெளிப்படுத்தினார் என்று குறிப்பிடும் வாழ்த்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளலாம்: ‘ஆண்டவர் உமக்கு அமைதி தருவாராக.’ அதற்குப் பிறகு தேநீர் இருந்தால் குடிக்கலாம். வாசலில் நின்று பகிர்வை மறுபடி திறக்க வேண்டாம்.

நன்றி. வணக்கம்.