கயிற்றுக்கு இந்தப் பக்கம்: வெளிநாட்டு விமானக் கண்காட்சிகளில் விமானப்படையினரும் மக்களும்

அவையோருக்கு வணக்கம்.

விமானக் கண்காட்சி என்றதும் நம் கண் தானாக மேலே போய்விடுகிறது. புகை கக்கிக்கொண்டு தலைகீழாகப் போகும் விமானங்கள், காதை அடைக்கும் சத்தம். இன்று அதைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. ஒரு போர் விமானத்தின் தனிச் சாகசம் எட்டுப் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதே படையிலிருந்து வந்த இன்னொரு விமானம் காலையிலிருந்து மாலை வரை கயிற்றுக்குப் பின்னால் நிற்கும். அதன் பக்கத்தில் நாலு பேர் சீருடையில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்த நாலு பேரின் வேலையைப் பற்றித்தான் இந்தப் பேச்சு. அதைச் சுற்றுலா என்று நினைக்கிறவர்கள் படைகளுக்குள்ளேயே உண்டு. என் கட்சி வேறு. அதுவும் ஒரு பணிதான். பறப்பதற்குத் திட்டமிடுவது போல இதற்கும் திட்டமிடாவிட்டால் கெட்டுப்போகும்.

முதலில் யார் முன்னால் நிற்கிறோம் என்பது தெரிய வேண்டும். பாரிஸ் லு பூர்ஜே, ஃபார்ன்பரோ, சிங்கப்பூர், துபாய் போன்றவை அடிப்படையில் வணிகச் சந்தைகள். லு பூர்ஜேயில் முதல் நாட்கள் வியாபாரிகளுக்கும் அதிகாரிகளுக்கும். பொதுமக்கள் கடைசி நாட்களில்தான் உள்ளே வருவார்கள். இங்கிலாந்தின் ஃபேர்ஃபோர்ட் தளத்தில் ஜூலையில் நடக்கும் ராயல் இன்டர்நேஷனல் ஏர் டாட்டூ வேறு ரகம். 1971-ல் நார்த் வீல்டில் தொடங்கிய அந்த விழாவில் 2003-ல் 535 விமானங்கள் கூடின. அது கின்னஸ் பதிவு. அங்கே வருகிறவர்கள் குடும்பங்களும், விமானத்தின் வால் எண்ணைப் பார்த்தே அது எந்தப் படைப்பிரிவு என்று சொல்லிவிடும் ஆர்வலர்களும். லு பூர்ஜேயில் எடுபடும் பேச்சு ஃபேர்ஃபோர்டில் எடுபடாது. வியாபாரியிடம் பராமரிப்புச் செலவைப் பேசலாம். எட்டு வயதுப் பெண் குழந்தையிடம் அதைப் பேசினால் அவள் பக்கத்து விமானத்துக்குப் போய்விடுவாள்.

பறக்க அனுமதி, தூதரக ஒப்புதல், காப்பீடு, சுங்கம் ஆகிய தாள் வேலைகளை விட்டுவிடுகிறேன். அதற்கென்று அலுவலகங்கள் இருக்கின்றன. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். தொலைவிலிருந்து வரும் குழுவுக்கு விமானத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே பெரும்பாடு. 2012-ல் தென் கொரியாவின் பிளாக் ஈகிள்ஸ் சாகசக் குழு தன் டி-50 விமானங்களைப் பிரித்து, சரக்கு விமானங்களில் ஏற்றி, பிரிட்டனில் மறுபடியும் பூட்டித்தான் பறந்தது. அந்த ஆண்டு ஏர் டாட்டூவில் பரிசும் வாங்கியது.

மக்கள் தொடர்பு விமானம் தரையிறங்கும்போதே தொடங்கிவிடுகிறது. கண்காட்சிக்கு இரண்டு மூன்று நாள் முன்பே வேலிக்கு வெளியே ஏணி போட்டு, நீண்ட லென்ஸோடு ஆட்கள் காத்திருப்பார்கள். பெரிய சரக்கு விமானங்களில் ஒருவர் மேல்கூரைக் கதவைத் திறந்து தலையை நீட்டித் தன் நாட்டுக் கொடியை அசைத்துக்கொண்டே வருவதுண்டு. பார்க்க நன்றாயிருக்கும். ஆனால் கொடிக்கம்பு உள்ளே கயிற்றால் கட்டப்பட்டிருக்க வேண்டும். தொப்பி போடக் கூடாது. சட்டைப்பையில் பேனா இருக்கக் கூடாது. கை நழுவும் எதுவும் பின்னால் சுழலும் என்ஜினுக்குள் போகும். காற்றிழுக்கும் வாய் காக்பிட்டுக்கு அருகிலேயே உள்ள போர் விமானத்தில் என்ஜின் ஓடும்போது இந்த ஆசையே கூடாது. கையை மட்டும் அசைத்தால் போதும்.

நின்றபின் விமானத்தை மக்களுக்குத் தகுந்ததாக ஆக்க வேண்டும். பிரேக் சூடு ஆறும் வரை யாரையும் சக்கரத்தின் பக்கம் விடக் கூடாது. எதிரி ஏவுகணையை ஏமாற்ற எரிந்து விழும் ஃபிளேர் குப்பிகள் கழற்றப்பட்டுவிட்டனவா என்று பார்க்க வேண்டும்; அவை பட்டாசல்ல, வெடிபொருள். எஜெக்‌ஷன் சீட்டின் (ஆபத்தில் விமானியை ராக்கெட்டால் வெளியே எறியும் இருக்கை) பாதுகாப்பு ஊசிகள் சிவப்புப் பட்டையோடு செருகப்பட்டு, எண்ணிப் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். வேகத்தை அளக்கும் பிட்டாட் குழாய்க்கு உறை, காற்றிழுக்கும் வாய்க்கு மூடி, சக்கரத்துக்குக் கட்டை, மின்னிணைப்புக்குத் தரைக்கம்பி, எண்ணெய் சொட்டும் இடத்தில் தட்டு. ஹைட்ராலிக் அழுத்தம் இறங்கியதும் பல விமானங்களில் இறக்கைப் பின்தகடுகள் மெல்லத் தொங்கிவிடும். காலையில் தலைக்கு மேலிருந்த கூர் விளிம்பு மதியம் நெற்றி உயரத்துக்கு வந்திருக்கும். கயிறு கட்டும்போது இதை மனதில் வைக்க வேண்டும்.

இரகசியக் காப்பு இதோடு சேர்ந்ததே. இரகசியத் தகவல்தொடர்புக்கான குறியீட்டுச் சாவிகளை அழித்து, திரைகளை அணைத்துவிட்டால் முடிந்தது என்று நினைப்பார்கள். அப்படியல்ல. காக்பிட்டின் மேல் விளிம்பில் யாரோ விட்டுப்போன தொடைப்பலகை (விமானி தொடையில் கட்டிக்கொள்ளும் குறிப்புப் பலகை) ஒன்று போதும். அதில் செருகிய தாளில் வானொலி அலைவரிசைகளும் வேக எல்லைகளும் இருக்கும்; இன்றைய கேமரா லென்ஸுக்குக் கண்ணாடிக்கு வெளியிலிருந்தே ஒவ்வொரு எழுத்தும் தெரியும். அதனால் கயிறு திறக்குமுன் ஒருவர் பார்வையாளராக மாறி, ஏணியில் ஏறி, செல்போனால் காக்பிட்டைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது நல்லது.

கயிற்றைப் பற்றி இன்னும் கொஞ்சம். முழங்கால் உயரத்தில் ஒற்றைக் கயிறு கட்டுவது பெரியவர்களுக்கான தடை. குழந்தைக்கு அது அழைப்பு. குனிந்து உள்ளே வந்துவிடும். ஏவுகணையின் துடுப்பு, ஆன்டெனா, இறக்கை நுனிக் கம்பிகள் எல்லாம் பல விமானங்களில் குழந்தையின் கண் மட்டத்தில்தான் இருக்கின்றன. இரட்டைக் கயிறோ இரும்புத் தடுப்போ வேண்டும். நாலு பேரில் ஒருவர் யாரிடமும் பேசாமல் இறக்கைக்குக் கீழே நின்று வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை ஆள் மாற்றலாம். பேச்சு சுவாரசியமாகும்போதெல்லாம் முதலில் காலியாவது அவருடைய இடம்தான்.

சி-17 போன்ற பெரிய சரக்கு விமானத்தில் மக்களை உள்ளேயே விடுவார்கள். பின் சாய்தளத்தில் ஏற்றி முன் கதவு வழியாக இறக்குவது வழக்கம்; இரு திசையிலும் விட்டால் நடுவில் அடைத்துக்கொள்ளும். தரையில் சரக்கு உருளைகளும் கட்டு வளையங்களும் உண்டு, கால் தடுக்கும். உருளைகளைத் திருப்பித் தட்டைப் பக்கம் மேலே வருமாறு வைக்க வேண்டும். ஏணி வைத்துக் காக்பிட்டை எட்டிப்பார்க்க விட்டால் கணக்கு எளிது: ஒருவருக்கு ஒரு நிமிடம் என்றால் ஏழு மணி நேரத்தில் 420 பேர். வரிசையில் அதைவிட அதிகம் பேர் நின்றால் கடைசி ஆளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

இனி கேள்விகள். உலகம் முழுக்க ஒரே கேள்விகள்தான். எவ்வளவு வேகம்? என்ன விலை? பறக்கும்போது சிறுநீர் வந்தால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்குச் சிரித்து மழுப்புகிறவர் நல்ல வாய்ப்பை இழக்கிறார். ஈரத்தை உறிஞ்சிக் கூழாக்கும் பொருள் அடைத்த பை ஒன்று இருக்கிறது. இருக்கை வாரைத் தளர்த்தி, தானியங்கியில் விமானத்தை விட்டுவிட்டுத்தான் அதைப் பயன்படுத்த முடியும் என்று நேராகச் சொன்னால், அங்கிருந்து நீண்ட பறப்பு, நீர் அருந்துதல், களைப்பு என்று பேச்சு தானாக வளரும்.

கூர்மையாகத் திரும்பும்போது உடலின் எடையைப் பல மடங்காக்கும் ஜி-விசையை விளக்கவும் சூத்திரம் வேண்டாம். தலையும் தலைக்கவசமும் சேர்ந்து ஏழு கிலோ என்று வையுங்கள். ஒன்பது ஜி-யில் கழுத்து 63 கிலோவைத் தாங்குகிறது. அந்தச் சிறுவனின் அப்பாவைக் காட்டி, 'இவரைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும்' என்றால் போதும். ஹாக் விமானத்தின் கண்ணாடி மேல் வளைந்து வளைந்து ஓடும் கோட்டைக் காட்டிக் கேட்பார்கள். அது அலங்காரமல்ல, எஜெக்‌ஷனுக்கு முன் கண்ணாடியைத் தகர்க்கும் வெடிக் கம்பி. சாகசப் புகை என்ன என்று கேட்டால், என்ஜின் வெளியே தள்ளும் சூடான காற்றில் டீசலைப் பீய்ச்சுவதால் வரும் வெண்புகை, அதில் சாயம் கலந்தால் நிறம். பிரிட்டனின் ரெட் ஏரோஸ் சாகசக் குழுவின் விமானத்தில் ஐந்து நிமிடம் வெள்ளைக்கும், ஒவ்வொரு நிமிடம் சிவப்புக்கும் நீலத்துக்கும்தான் கொள்ளளவு. அதனால்தான் நிறம் சில இடங்களில் மட்டும் வருகிறது.

சங்கடமான கேள்விகளும் வரும். 'நீங்கள் குண்டு போட்டிருக்கிறீர்களா?', 'உங்கள் அரசு செய்வது சரியா?' இங்கே பொய்யும் கூடாது, வாதமும் கூடாது. 'அதைப் பற்றி நான் பேச முடியாது, என் வேலையைப் பற்றிக் கேளுங்கள்' என்று முகம் மாறாமல் சொல்லிப் பழக வேண்டும். ரேடார் எவ்வளவு தூரம் பார்க்கும் என்பது போன்றவற்றுக்குப் பலகையில் அச்சிட்ட எண்ணைத் தாண்டிப் போகக் கூடாது. ஆர்வலர் சில சமயம் வேண்டுமென்றே தவறான எண்ணைச் சொல்வார். திருத்தத் துடிக்கும் இளம் விமானி அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்.

பேட்ச், ஸ்டிக்கர் விஷயம் சின்னதாகத் தெரியும். தோளில் குத்தியிருக்கும் பேட்சைக் கழற்றிக் கொடுத்துவிட்டால் மதியத்துக்குள் சீருடை மொட்டையாகிவிடும். கொடுப்பதற்கென்று தனிப்பெட்டி வேண்டும். கூட்டத்தை நோக்கி வீசக் கூடாது. நெருக்கடி ஒரு பக்கம், விழுந்தது ஓடுதளத்துக்குப் பறப்பது இன்னொரு பக்கம். அயல்நாட்டு விமானத்தில் தம் படைப்பிரிவு ஸ்டிக்கரை ஒட்டும் குறும்பு விமானப்படைகளில் பழையது. ஒட்டுவதென்றால் காற்றழுத்தத் துளை, வடிகால், எச்சரிக்கை எழுத்து ஆகியவற்றின் மேல் படக் கூடாது. ரேடாரில் எளிதில் சிக்காத ஸ்டெல்த் விமானத்தின் பூச்சின் மேல் எதையுமே ஒட்டக் கூடாது.

பறக்கிறவர்களுக்கும் மக்களுக்கும் உள்ள முதல் உறவு தூரம்தான். 1988 ஆகஸ்ட் 28 அன்று ஜெர்மனியின் ராம்ஸ்டைன் தளத்தில் இத்தாலியச் சாகசக் குழுவின் மூன்று விமானங்கள் மோதின. ஒன்று கூட்டத்தை நோக்கி வந்துகொண்டிருந்த விமானம். எழுபது பேர் இறந்தார்கள். 1993-ல் ஃபேர்ஃபோர்டில் இரண்டு மிக்-29 வானில் மோதின; இரு விமானிகளும் பாராசூட்டில் தப்பினர், பார்வையாளர் யாரும் சாகவில்லை. மோதிய இடமும் போய்க்கொண்டிருந்த திசையும் கூட்டத்தை விட்டு விலகியிருந்தன என்பதே வித்தியாசம். அமெரிக்க விதிப்படி வேகமான ஜெட் விமானம் கூட்டத்திலிருந்து 1,500 அடி தள்ளிச் சாகசம் செய்ய வேண்டும். நடுத்தர வேகத்துக்கு 1,200, மெதுவான விமானத்துக்கு 500. கைதட்டல் கேட்கிறது என்பதற்காகத் திட்டத்தில் இல்லாத ஒரு சுற்றைச் சேர்ப்பவர் மக்களுக்கு நண்பரல்ல. மேகம் தாழ்ந்தால், உயரம் தேவைப்படும் வளையமடிக்கும் நிகழ்ச்சியை விட்டு, உருளும் நிகழ்ச்சிக்கோ தட்டையான நிகழ்ச்சிக்கோ மாறத்தான் வேண்டும். ஏன் மாறினோம் என்று வர்ணனையாளர் சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

வர்ணனையாளர் குழுவின் ஆளாக இருப்பது நல்லது. உள்ளூர் மொழியில் வரவேற்பாவது சொல்ல வேண்டும். இந்தியாவின் சாரங் ஹெலிகாப்டர் குழு 2004-ல் சிங்கப்பூரில் முதன்முதலாக அயல்நாட்டு மேடையேறியது. அப்படிப்பட்ட புதிய குழுவைப் பார்க்கிறவர்களுக்கு எந்த ஹெலிகாப்டர் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல ஒரு குரல் இல்லாவிட்டால் பாதிக் காட்சி வீண். விபத்து நேர்ந்தால் என்ன சொல்வது என்பதை முன்கூட்டியே எழுதி ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். இசை உடனே நிற்க வேண்டும். யார், என்ன, ஏன் என்று ஊகிக்கக் கூடாது. கயிற்றருகில் நிற்கும் விமானிகளும் அப்படியே. விமானியின் குடும்பத்துக்குச் செய்தி போகுமுன் பெயர் வாயில் வரக் கூடாது.

மாலையில் விருந்துகள் உண்டு. மறுநாள் பறக்கிறவர் குடிக்கும் கணக்கு வேறு. பல படைகளில் பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரம் மது கூடாது. தரையில் நிற்கிறவருக்கும் வெயில், நாளெல்லாம் பேச்சு, ஜெட் சத்தம் எல்லாம் சேர்ந்து உடம்பை வாங்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒருவரைத் தொடர்ந்து பேசவைப்பது முட்டாள்தனம்.

மக்கள் போனபின் தரை முழுக்கக் காகிதக் குவளை, பை, தொப்பி, பேட்டரி, உடைந்த கொடிக்குச்சி. இவற்றில் ஒன்று என்ஜினுக்குள் போனால் அந்த விமானம் அங்கேயே நிற்கும். வரிசையாகத் தோளோடு தோள் நின்று குனிந்து நடந்து பொறுக்குவார்கள். மூடிகளை எடுக்குமுன் காற்றிழுக்கும் வாயில் டார்ச் அடித்துப் பார்ப்பதும், எழுதிவைத்த எண்ணிக்கைப்படி ஊசிகளைச் சரிபார்ப்பதும் விடைபெறும் காலையில் முதல் வேலைகள்.

துண்டுச்சீட்டில் ஒரு கேள்வி வந்திருக்கிறது: குழந்தைகளைக் காக்பிட்டில் உட்காரவைக்கலாமா? ராக்கெட் பொருத்திய எஜெக்‌ஷன் சீட் என்றால் என் பதில், கூடாது. 2019 மார்ச்சில் பிரான்ஸின் சாந்-டிசியேயில் ரஃபேல் விமானத்தில் விருந்தினராகப் பறந்த 64 வயதுக்காரர், உடல் மேலே மிதந்ததும் பிடிமானத்துக்காக இருக்கையை வெளியேற்றும் கைப்பிடியைப் பற்றி வானில் வெளியேறிவிட்டார். அவருக்குப் பறக்குமுன் விளக்கம் சொல்லப்பட்டிருந்தது. ஊசி செருகியிருந்தால் தரையில் அது நடக்காதுதான். ஆனால் நூறு பேர் ஏறி இறங்கும்போது ஊசிகளை யார் நூறு முறை எண்ணுவார்? பல படைகள் ராக்கெட் இல்லாத மாதிரி காக்பிட் ஒன்றை வண்டியில் கொண்டுவருகின்றன. அதில் உட்காரவையுங்கள், எந்தக் கைப்பிடியை வேண்டுமானாலும் இழுக்கட்டும்.