ஒரு சொட்டுப் பாகும் வாசகசாலைச் சாவியும்

பேரூராட்சித் தலைவர் அவர்களே, ஹெட்மிஸ்ட்ரஸ் டீச்சர் அவர்களே, விடியக்காலம் ரப்பர் பால் வெட்டிட்டு உறங்காம வந்திருக்குற அண்ணன்மாரே, களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்துல இருந்து பஸ் ஏறி வந்த சொந்தங்களே, எல்லாருக்கும் வணக்கம்.

மூணு விஷயம் பேசலாம்னு வந்தேன். கருப்பட்டிப் பாகு, ரப்பர் பால், ரத்தம். மூணும் தண்ணி மாதிரி ஓடாது.

ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்லுவோம்லா, எங்க பாட்டி அக்கானி, அதாவது பதனீர், காய்ச்சுறதும் அப்படித்தான். பொங்கி வந்தா ஆமணக்கு விதைய நசுக்கிப் போட்டு அடக்குவாவ, அப்புறம் சிரட்டைத் தண்ணில ஒரு சொட்டு விட்டு விரலால உருட்டிப் பாத்துட்டுத்தான் அடுப்ப அணைப்பாவ. போன சித்திரையில எங்க அக்கா மவன், எட்டாங்கிளாஸ், செங்கல்லுல போனச் சாய்ச்சு வச்சு, பின்னால வெள்ளப் பேப்பர், அதுக்குப் பின்னால டார்ச், ஊசி மாட்டாத சிரிஞ்சுல பாதி காய்ஞ்ச பாக எடுத்து கண்ணாடி மேல ஒரு சொட்டு விட்டு, செகண்டுக்கு 240 படம்னு ஸ்லோமோஷன்ல பிடிச்சான். சிரிஞ்சுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல பாகு சடார்னு இடுப்பு ஒடுங்கி அந்துபோச்சு. அடுத்து வெண்டைக்கா ஊறுன தண்ணி. நூல் மாதிரி நின்னுச்சு! பாட்டி கிட்ட வந்து, "எலே, பாகவிட நீத்துத்தான இருக்கு, இது ஏன் அறாம நிக்கி?"ன்னு கேட்டாவ.

அந்தக் கேள்விதான் சயின்ஸ். ரெண்டையும் மேற்பரப்பு இழுவிசைதான் பிதுக்குது. வெண்டைக்காயில நீளச் சங்கிலி மூலக்கூறு இருக்கு, அது நீண்டு இழுத்துப் பிடிக்கும், அதனால நூல் சமமான நேரத்துக்கு ஒருக்கா அதே விகிதத்துல மெலியும். அந்த வேகத்த வச்சு திரவத்தோட தளர்வு நேரத்த, அதாவது இழுபட்ட சங்கிலி திரும்பச் சுருங்க எடுக்குற நேரத்த, கணக்குப் போடலாம். சிரிஞ்சு வாயோட அகலம் தெரிஞ்சா போதும், அதுவே அளவுகோல். வெறுந்தண்ணின்னா போன் பிடிக்காது, சில மில்லிசெகண்டுல அந்துரும், நம்ம படம் ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுலயே 4 மில்லிசெகண்டு ஆயிரும். லேப்ல இதுக்கு வைக்குற ஹைஸ்பீட் கேமரா லட்சக்கணக்குல வரும். இங்க பிள்ளையள் கையில போன் இருக்கு, வைக்க ஒரு மேசைதான் இல்ல.

தலைவர் அவர்களே, ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம், எங்க பையன் ஒருத்தனப் பாத்தாப் போதும், ஊர்ப் பிள்ளையள் எல்லாம் எப்படின்னு தெரியும். நம்ம வாசகசாலை பூட்டிக் கெடக்கு, உள்ள மேசை இருக்கு, பிளக் இருக்கு, தண்ணிப் பைப் இருக்கு. ரப்பர் பால், ரத்தம் பத்திப் பேச நேரமில்ல, ரப்பர் பால மட்டும் அங்க வச்சு செஞ்சே காட்டுறேன். சனி, ஞாயிறு சாயங்காலம் மட்டும் அந்தச் சாவியத் தாங்க, தொடைச்சுப் பெருக்கி நானே பூட்டிக் கொண்டு தாறேன்.