ஷெர்லாக் ஹோம்ஸ் கைகலப்பில் இறங்கலாமா? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். நேயர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “2009-இல் கய் ரிட்சி இயக்கி, ராபர்ட் டௌனி ஜூனியர் நடித்த ஷெர்லாக் ஹோம்ஸ் படம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் மூலக்கதைகளை நெடுங்காலமாகப் படித்துவரும் ரசிகர்கள் பலர், உட்கார்ந்து சிந்திக்க வேண்டிய துப்பறிவாளரைச் சட்டையைக் கழற்றிக் குத்துச்சண்டை போட வைத்துவிட்டார்கள் என்று கோபப்படுகிறார்கள். அந்தக் கோபம் நியாயமானதா? படத்தைப் பார்த்துவிட்டுக் கதைகளைப் படித்தால் ஏமாற்றமாக இருக்குமா?”

கோபம் நியாயமானதுதான். ஆனால் அது போய் விழுந்த இடம் தவறு என்பது என் கருத்து. இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தக் குத்துச்சண்டையை எடுத்துக்கொள்வோம். 1890-இல் வெளிவந்த ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ நாவலில், ஹோம்ஸும் அவருடைய நண்பரும் கதைசொல்லியுமான வாட்சனும் இரவு நேரத்தில் பாண்டிச்சேரி லாட்ஜ் என்ற பெரிய வீட்டின் வாசலுக்கு வருகிறார்கள். காவல்காரன் மெக்மர்டோ உள்ளே விட மறுக்கிறான். அவன் ஒரு காலத்தில் பணத்துக்காகக் குத்துச்சண்டை போட்டவன். ஹோம்ஸ் அவனிடம் பெயரையோ தொழிலையோ சொல்லி வழி கேட்பதில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் உன்னோடு மேடையேறி மூன்று சுற்றுகள் மோதிய ஆளை மறந்துவிட்டாயா என்று கேட்கிறார். மெக்மர்டோவுக்கு உடனே நினைவு வந்துவிடுகிறது. சும்மா நிற்காமல் தாடைக்குக் கீழே உங்களுடைய அந்தக் குத்தை விட்டிருந்தால் அப்போதே அடையாளம் கண்டிருப்பேனே என்கிறான். இந்தத் தொழிலுக்கே வந்திருந்தால் எங்கேயோ போயிருப்பீர்கள் என்று ஆதங்கத்தோடு சொல்கிறான். அந்த இடத்தில் கதவைத் திறந்தது ஹோம்ஸின் அறிவு அன்று, அவருடைய கை. இதை எழுதியவர் ஆர்தர் கோனன் டாயில். எந்தத் திரைக்கதை ஆசிரியரும் அல்லர்.

இது ஏதோ ஓரிடத்தில் தப்பித்தவறி வந்துவிட்ட செய்தியும் அன்று. 1887-இல் வந்த முதல் நாவலிலேயே ஹோம்ஸுக்கு என்னென்ன தெரியும் என்று வாட்சன் போடும் பட்டியலில் குத்துச்சண்டையும் வாள்வீச்சும் சிலம்பத்தை ஒத்த கழி விளையாட்டும் இருக்கின்றன. ‘தி ஸ்பெக்கிள்ட் பேண்ட்’ கதையில், மிரட்ட வந்தவன் வளைத்துப் போட்டுவிட்டுப் போன கணப்படுப்புக் கம்பியை ஹோம்ஸ் வெறுங்கையால் நிமிர்த்துகிறார். படத்தில் அவருடைய அறை குப்பைமேடாகக் கிடக்கிறதே என்று வருந்துகிறவர்கள் ‘தி மஸ்கிரேவ் ரிச்சுவல்’ கதையின் தொடக்கத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். பாரசீகச் செருப்பின் முனைக்குள் புகையிலை, பதில் எழுதாத கடிதங்கள் கத்தியால் குத்தப்பட்டுக் கணப்படுப்பு மாடத்தில், சுவரில் துப்பாக்கிக் குண்டுகளால் பொறித்த விக்டோரியா அரசியின் முதலெழுத்துகள் என்று அந்த அறை அங்கே விரிகிறது.

அப்படியானால் நாற்காலியை விட்டு எழாத, சட்டை மடிப்புக் கலையாத கனவான் எங்கிருந்து வந்தார்? பெரும்பகுதி ஓவியத்திலிருந்தும் மேடையிலிருந்தும் பழைய படங்களிலிருந்தும் வந்தார். காதுமடல் வைத்த வேட்டைத் தொப்பியை அவர் தலையில் நிலைக்கச் செய்தவை கதைகள் வெளிவந்த ‘ஸ்ட்ராண்ட்’ இதழுக்குச் சிட்னி பேஜெட் வரைந்த படங்கள். ‘எலிமென்டரி, மை டியர் வாட்சன்’ என்று எல்லாரும் சொல்லும் வரி, டாயில் எழுதிய நான்கு நாவல்களிலும் ஐம்பத்தாறு சிறுகதைகளிலும் அதே வடிவில் ஓரிடத்திலும் இல்லை. 1939 முதல் 1946 வரை பேசில் ராத்போன் ஹோம்ஸாக நடித்த பதினான்கு படங்களில் நைஜல் புரூஸ் வாட்சனை ஒரு அசட்டுக் கிழவராக ஆக்கிவிட்டார். கதையில் வாட்சன் ஆப்கானிஸ்தானின் மைவாண்ட் போர்க்களத்தில் குண்டடிபட்ட ராணுவ மருத்துவர். அந்த வகையில் 2009 படத்தில் ஜூட் லா நடித்த வாட்சன், மூலத்துக்கு நெடுநாள் கழித்துச் செய்யப்பட்ட ஒரு நியாயம் என்றே நான் கருதுகிறேன். கோபப்பட்ட ரசிகர்களிலும் பலர் இதை மனமாரப் பாராட்டினார்கள்.

சண்டையைப் படமாக்கிய விதத்திலும் ஹோம்ஸ் இருக்கிறார். எதிராளி ஹோம்ஸின் பின்னந்தலையில் எச்சில் துப்பியதும் காட்சி நிதானமாகிறது. முதலில் கைக்குட்டையை வீசிக் கவனத்தைத் திருப்புவது, பிறகு எந்த இடத்தில் எந்த அடி, அடிபட்டவன் உடல் தேற எத்தனை வாரம், மனம் தேற எத்தனை மாதம் என்று ஒவ்வொன்றும் அவர் மனத்துக்குள் கணக்காக ஓடி முடிகிறது. அதன் பிறகே கை நீள்கிறது. ஒருவருடைய கடிகாரத்தையோ காலணிச் சேற்றையோ படிப்பது போலவே அவர் எதிரியின் உடலைப் படிக்கிறார்.

என் மனக்குறையும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. குத்துக்கு இவ்வளவு நிதானம் காட்டிய படம், துப்புகளுக்கு அதைக் காட்டவில்லை. ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ நாவலிலேயே வாட்சனின் பழைய கடிகாரம் ஒன்றை ஹோம்ஸ் ஆராயும் இடம் வருகிறது. மூடியின் உட்புறம் அடகுக்கடைக்காரர்கள் கீறிய எண்கள், சாவித்துளையைச் சுற்றி நடுங்கும் கை ஏற்படுத்திய கீறல்கள். இவற்றைக் கொண்டு, அடிக்கடி வறுமையில் விழுந்து, இடையில் சில நாள் நன்றாக வாழ்ந்து, குடித்தே இறந்துபோன ஒரு மனிதனின் வாழ்க்கையை அவர் சொல்லிவிடுகிறார். இறந்தவர் வாட்சனின் அண்ணன். வாட்சன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து, இது உங்களுக்குத் தகாது என்று கோபப்படுகிறார். ஒரு சின்னப் பொருளிலிருந்து மனிதத் துயரம் வரை போகும் அந்தப் பாதையை நாமும் கூடவே நடந்து பார்க்கிறோம். படத்திலோ வில்லனான பிளாக்வுட் பிரபுவின் மந்திர வித்தைகளுக்குரிய விளக்கம் முழுவதும் கடைசியில், டவர் பாலத்தின் உச்சியில், ஒரே மூச்சில் கொட்டப்படுகிறது. துப்புகளுக்கு ஏன் இந்த அவசரம்? ரசிகர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது.

இதைவிட எனக்கு வலித்த இன்னொன்று, ஐரீன் ஆட்லர். 1891-இல் வந்த ‘எ ஸ்கேண்டல் இன் பொஹீமியா’ கதையில் அவர் ஒரு இசைநாடகப் பாடகி. காட்பிரே நார்ட்டன் என்ற வழக்கறிஞரை விரும்பி மணந்துகொண்டு, ஹோம்ஸின் திட்டத்தைக் கண்டுபிடித்து, அவர் வருமுன்பே ஊரைவிட்டுப் போய்விடுகிறார். ஹோம்ஸுக்கு அவர்மீது இருந்தது காதல் அன்று, மதிப்பு என்று வாட்சன் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்துகிறார். படம் அவரைத் தேர்ந்த திருடியாக்கி, ஹோம்ஸின் பழைய காதலியாக்கி, ஹோம்ஸின் பரம எதிரி மோரியார்ட்டியின் கட்டளைக்கு ஆடுபவராகவும் ஆக்கிவிட்டது. தன் புத்தியால் வென்ற ஒரு பெண்ணை இன்னொருவர் கையில் ஆயுதமாகக் கொடுத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

படத்தை ஆதரிப்பவர்கள் ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்காட்டுவார்கள். ஹோம்ஸை நாடகமாக்கிய வில்லியம் கில்லெட், ஹோம்ஸுக்குத் திருமணம் செய்துவைக்கலாமா என்று தந்தியில் கேட்டபோது, மணமுடியுங்கள், கொல்லுங்கள், உங்கள் விருப்பம்போல் எதையும் செய்யுங்கள் என்று டாயில் பதில் அனுப்பினார். உண்மைதான். அதே டாயில் 1893-இல் ஹோம்ஸை ரைகன்பாக் அருவியில் சாகடித்தபோது, ‘கொடூரரே’ என்று தொடங்கி ஒரு பெண்மணி கடிதம் எழுதினார். எழுதியவருக்கே அந்த உரிமையைத் தர மறுத்தவர்கள் வாசகர்கள். ஆகவே இன்றைய ரசிகர்களைப் பார்த்து, நீங்கள் யார் கேட்பதற்கு என்று வாயை அடைப்பது சரியன்று. கேட்பதைக் கதையைப் படித்துவிட்டுக் கேளுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

ஏமாற்றமாக இருக்குமா என்ற இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இருக்காது. படத்தில் உங்களுக்குப் பிடித்த துணிச்சலும் நட்பும் கதைகளில் இன்னும் ஆழமாகவே இருக்கின்றன. ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ நாவலில் தொடங்குங்கள். படத்தில் ஹோம்ஸ் ஒரு விருந்தில்தான் முதன்முதலாகச் சந்திக்கும் மேரி மார்ஸ்டன், அங்கே அவரிடமே வழக்கைக் கொண்டுவரும் பெண்ணாக, ஆறு முத்துகள் அடங்கிய சிறு பெட்டியோடு அவருடைய அறைக்குள் நுழைவார்.