"அப்படிச் சொல்ல மாட்டோம்": அதபாஸ்கன் மொழிகளின் தொடரியலும் அறிஞர் கூடும் அவைகளும்

அவையோர்க்கு என் வணக்கம்.

தமிழின் வினைமுற்று எப்படி மாறி வந்தது என்று அறிய விரும்பும் ஒருவர் சங்கப் பாடல்களைப் பார்க்கலாம், கல்வெட்டுகளைப் படியெடுக்கலாம், உரையாசிரியர்கள் எந்த வடிவத்துக்கு விளக்கம் எழுத நேர்ந்தது என்று கவனிக்கலாம். இரண்டாயிரம் ஆண்டுச் சான்று கையில் இருக்கிறது. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட அதபாஸ்கன் மொழிகளுக்கு, அதாவது வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் ஒரு மொழிக் குடும்பத்துக்கு, அப்படி ஒரு பழைய ஏடு கிடையாது. அவற்றின் தொடரமைப்பு என்னவாக இருந்தது, எப்படி மாறியது என்பதை இன்று பேசப்படும் மொழிகளையும், அண்மையில் மறைந்தவற்றைப் பற்றிய குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தே ஊகிக்க வேண்டும். ஒருவரே அத்தனை மொழியும் அறிந்திருப்பது அரிது என்பதால், அறிந்தவர்கள் ஓரிடத்தில் கூட வேண்டியிருக்கிறது. அவர்கள் கூடும் அவைதான் இந்தத் துறையின் ஏட்டுச்சுவடி என்று நான் கருதுகிறேன்.

இந்தக் குடும்பத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் உள்ளன. அலாஸ்காவின் உட்பகுதியிலும் கனடாவின் வடமேற்கிலும் பெரும்பாலானவை வழங்குகின்றன. ஹூப்பா முதலிய சில, பசிபிக் கரையோரமாக ஓரிகனிலும் கலிபோர்னியாவிலும் வழங்கின. அரிசோனா, நியூ மெக்சிகோ பகுதியில் நவாஹோவும் அப்பாச்சி மொழிகளும் உள்ளன. நவாஹோவின் மூதாதையர் வடக்கிலிருந்து வந்தவர்கள் என்பதை மொழியியலாளர் எட்வர்ட் சபீர் 1936இல் மொழிச் சான்றைக் கொண்டே வாதிட்டார். நவாஹோவில் சுரைக்காயையும் அதில் செய்த அகப்பையையும் குறிக்கும் சொல், வடக்கே வழங்கும் உறவு மொழிகளோடு ஒப்பிட்டால் 'கொம்பு' என்ற பொருளில் போய் நிற்கிறது. கொம்பில் அகப்பை செய்தவர்கள் சுரை விளையும் நிலத்துக்கு வந்தபோது சொல்லையும் கொண்டு வந்தார்கள். 'அதபாஸ்கன்' என்பது க்ரீ என்ற வேறொரு பழங்குடி மொழியில் ஓர் ஏரிக்கு வழங்கிய பெயரிலிருந்து வெளியார் எடுத்துச் சூட்டியது. இம்மொழியினர் பலர் தம்மைத் தெனே, தினே என்றே சொல்லிக்கொள்வதால், இன்று அறிஞர்களும் 'தெனே மொழிகள்' என்ற பெயரைச் சேர்த்தே வழங்குகிறார்கள்.

சொல்லின் வரலாற்றைக் கண்டுபிடிப்பதைவிடத் தொடரின் வரலாற்றைக் கண்டுபிடிப்பது கடினம். இம்மொழிகளில் தொடர் வரிசை தமிழைப் போன்றது: எழுவாய், செயப்படுபொருள், இறுதியில் வினை. ஆனால் அந்த வினைக்குள் நுழைந்தால் நமக்குத் திகைப்பு ஏற்படும். தமிழில் வினையடி முதலில் நின்று, காலமும் இடமும் பின்னொட்டாகச் சேரும். அங்கே வினையடி கடைசியில் நிற்க, யார், யாரை, எத்திசையில், எத்தனை முறை, எந்தத் தன்மையில் என்பன எல்லாம் முன்னொட்டுகளாக வரிசைகட்டி நிற்கின்றன. ராபர்ட் யங்கும் வில்லியம் மார்கனும் நவாஹோவுக்கு எழுதிய பேரிலக்கணம் இந்த முன்னொட்டுகளுக்கு எண்ணிட்ட இருக்கைகளைப் பட்டியலிட்டே விளக்கியது. இந்த வரிசை ஏன் இப்படி அமைந்தது? இன்றைய சொல்லமைப்பு நேற்றைய தொடரமைப்பு என்று டால்மி கிவோன் 1971இல் முன்வைத்த கருத்தின்படி, முன்பு தனித்தனிச் சொற்களாக நின்றவை காலப்போக்கில் வினையோடு ஒட்டிக்கொண்டன. கெரன் ரைஸ் 2000இல் வெளியிட்ட நூலில் வேறொரு வழியைக் காட்டினார். ஒரு முன்னொட்டின் பொருள் இன்னொன்றைத் தன் ஆளுகைக்குள் கொள்ளும், அதாவது அதன் பொருளின் மேல் செயல்படும், இடங்களில் குடும்பம் முழுவதும் வரிசை ஒன்றாகவே இருக்கிறது. அப்படி ஆளுகை உறவு இல்லாத இடங்களில்தான் மொழிக்கு மொழி வரிசை மாறுகிறது என்றார். ஒரு மொழியை மட்டும் எடுத்து எத்தனை ஆண்டு ஆராய்ந்தாலும் இதைக் கண்டிருக்க முடியாது.

இனி, என் மனத்தை மிகவும் பிடித்துக்கொண்ட ஒரு சிறு முன்னொட்டுக்கு வருகிறேன். நவாஹோவில் படர்க்கையார் ஒருவர் படர்க்கையார் இன்னொருவரை ஏதாவது செய்தால், வினையில் 'யி' அல்லது 'பி' வரும். 'குதிரை, கோவேறு கழுதை' என்று இரு பெயரை அடுக்கி, வினையில் 'யி' வைத்தால் குதிரை உதைத்தது. அதே வரிசையில் 'பி' வைத்தால் குதிரை உதை வாங்கியது. மொழியியலாளர் கென் ஹேல் 1973இல் இதைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். இரண்டும் ஒரே தரத்து விலங்குகள் ஆதலால் இரு வடிவமும் செல்லும். குதிரை மனிதனை உதைத்தால் என்ன சொல்வது? மனிதனை முதலில் வைத்து 'பி' வடிவத்தில்தான் சொல்ல வேண்டும். குதிரையை முதலில் வைத்து 'யி' சொன்னால், நவாஹோ பேசுவோர் அப்படிச் சொல்ல மாட்டோம் என்பார்கள். பெண்பிள்ளை தண்ணீர் குடித்தாள் என்பதிலும் தண்ணீர் முதலில் வர முடியாது. நம் இலக்கணம் உலகத்தை உயர்திணை, அஃறிணை என இரண்டாகப் பிரித்தது. நவாஹோத் தொடரோ பல படிகளாகப் பிரித்து, மேற்படியில் இருப்பதை முதலில் வைக்கச் சொல்கிறது.

இந்தப் படிவரிசையை விரிவாக எழுதியவர் மேரி ஹெலன் க்ரீமர். அவர் நவாஹோவைத் தாய்மொழியாகக் கொண்டவர். அவருடைய கட்டுரை 1974இல், நவாஹோ மொழிக்கென்றே தொடங்கப்பட்ட ஓர் ஆய்விதழில் வந்தது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கதைகளையும் பேச்சையும் எவ்வளவு பதிவு செய்தாலும், அவற்றில் சொல்லப்பட்டதுதான் இருக்கும். சொல்லக் கூடாதது இருக்காது. குதிரையை முதலில் வைத்த 'யி' வாக்கியம் எந்த ஒலிப்பதிவிலும் அகப்படாமல் போகலாம். அகப்படாதது தற்செயலா, விதியா என்பதை அம்மொழியில் வளர்ந்த ஒருவர்தான் சொல்ல முடியும். தொடரியல் கோட்பாடு பெரும்பாலும் இந்த மறுப்பின் மேல்தான் நிற்கிறது. ஹேல் நவாஹோ பேசுவோரையே மொழியியலாளர்களாகப் பயிற்றுவிக்கப் பாடுபட்டதன் பயனை இங்கே காண்கிறோம். பால் பிளாட்டெரோ, எல்லவினா பெர்க்கின்ஸ் போன்றோர் 1978இல் முனைவர் பட்டம் பெற்றுத் தம் மொழியின் தொடரியலைத் தாமே எழுதினார்கள். நவாஹோ மொழிக் கழகம் நடத்தும் கோடைக்காலப் பட்டறைகளில் பள்ளி ஆசிரியர்களும் கோட்பாட்டாளர்களும் ஒன்றாக உட்காருகிறார்கள். அதபாஸ்கன் மொழி மாநாடுகளும் பல்கலைக்கழகங்களோடு நில்லாமல் அம்மக்களின் ஊர்களிலும் கூடியிருக்கின்றன.

அதே முன்னொட்டை வடக்கே தேடுவோம். கனடாவின் ஸ்லேவி, டோக்ரிப் மொழிகளில் இதற்கு உறவான 'யே' உண்டு. ஆனால் செயப்படுபொருளாக ஒரு பெயர் வினைக்கு முன்னே நின்றுவிட்டால் 'யே' வராது. பெயரை விட்டுவிட்டால்தான் வரும். நவாஹோவிலோ பெயர் நின்றாலும் 'யி' வரும். 'கண்ணன் வந்தான்' என்பதில் கண்ணன் இருந்தும் '-ஆன்' இருப்பதைப் போன்றது நவாஹோ நிலை. கண்ணன் என்று சொன்னவுடன் '-ஆன்' மறைந்துவிடும் ஒரு தமிழைக் கற்பனை செய்துகொண்டால் ஸ்லேவி நிலை ஓரளவு புரியும். எலோயிஸ் ஜெலினெக் நவாஹோவைக் கொண்டு, வினையிலுள்ள முன்னொட்டுகளே உண்மையான எழுவாயும் செயப்படுபொருளும், வெளியே நிற்கும் பெயர்கள் துணைக்கு வந்தவை என்று வாதிட்டார். அது வடக்கே அப்படியே பொருந்தாது என்பதை ரைஸும் லெஸ்லி சாக்சனும் எழுதியவற்றைப் படித்தால் தெரியும். பதிலிப்பெயர் தேய்ந்து, நம் '-ஆன்' போல், பெயரோடு இயைந்து வரும் வினை உறுப்பாவது உலகில் பல மொழிகள் சென்ற வழி; ஆகவே வடக்கே பழமை, தெற்கே மாற்றம் என்று சொல்லத் தோன்றும். பழகிய வழி என்பதாலேயே அதில் போனார்கள் என்று முடிவு கட்டக் கூடாது. சாட் தாம்சன் 1996இல், யங்குக்குச் சிறப்பு செய்து வெளியான தொகுப்பில், 'யி', 'பி' மாற்றின் வரலாற்றைக் குடும்பம் முழுவதும் வைத்துப் பார்த்தார். அதுதான் சரியான முறை என்று நினைக்கிறேன்.

இந்த ஒப்பீட்டுக்கு வெளியிலிருந்து துணை தரும் மொழி அலாஸ்காவில் வழங்கிய ஈயாக். அது அதபாஸ்கன் குடும்பத்துக்கு மகள் அன்று, உடன்பிறந்தவள். எனவே ஓர் அமைப்பு இரண்டிலும் இருந்தால் அது மிகப் பழையது என்று கொள்ளலாம். மொழியியலாளர் மைக்கேல் க்ராஸ் 1960கள் முதல் அதைப் பதிவு செய்தார். அதன் கடைசித் தாய்மொழியாளரான மேரி ஸ்மித் ஜோன்ஸ் 2008 ஜனவரி 21 அன்று மறைந்தார். அடுத்த மாதமே அலாஸ்காவில், ஃபேர்பேங்க்ஸிலும் ஆங்கரேஜிலும், ஒரு பெருங்கருத்தரங்கு கூடியது. சைபீரியாவின் கெட் மொழியும் இந்தக் குடும்பமும் ஒரே மூலத்தவை என்று எட்வர்ட் வாய்தா அங்கே வாதிட்டார். அவர் சான்றுகளில் வினை முன்னொட்டுகளின் வரிசை முதன்மையான ஒன்று. அக்கட்டுரைகள் 2010இல் நூலாக வந்தபின், ஏற்றவர்களும் உண்டு, லைல் கேம்ப்பெல் போல் மறுத்தவர்களும் உண்டு.

அந்த விவாதத்தில் ஈயாக்கைப் பற்றி எழும் எந்தக் கேள்வியையும் இனி க்ராஸின் குறிப்புகளிடம்தான் கேட்க வேண்டும். அவற்றில் இல்லாத ஒரு வாக்கியத்தைக் காட்டி, இப்படிச் சொல்லலாமா என்று கேட்க ஆளில்லை. ஸ்லேவியிலும் டோக்ரிப்பிலும் இன்னும் கேட்கலாம். பெயரும் 'யே'யும் சேர்ந்து வந்தால் ஒரு மூதாட்டி முகம் சுளிக்கிறாரா, அவருடைய பேத்தி தடையின்றி ஏற்கிறாளா என்று இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்துக் கேட்கலாம். பேத்தி ஏற்று, பாட்டி மறுத்தால், நாம் ஊகித்துக்கொண்டிருக்கும் அந்த மாற்றம் நம் கண்முன்னே நடந்துகொண்டிருக்கிறது.