வரி ஏறாத 14 வருஷம்: காரைக்குடி நகராட்சியின் கணக்கு

[திரையில்: சொத்து வரி ரசீது, நெருக்கமாக]

வணக்கம். காரைக்குடியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இந்த ரசீது பழக்கமானது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டுகிற சொத்து வரி. நூலக வரியும் இதனுடன்தான் வரும். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. அது நகராட்சிக்காரர்கள் வசூலித்து நூலகத் துறைக்குக் கொடுக்கவேண்டிய காசு, அவர்களுடையது அல்ல.

மீதிப் பணத்தில்தான் தெருவிளக்கு, குப்பை, சாலை, சம்பளம் எல்லாம். 1928-இல் தொடங்கிய நகராட்சி, 2011 கணக்கெடுப்பில் 1,06,714 பேர் வாழ்ந்த ஊர். இவ்வளவு பெரிய ஊரின் வரியை யார், எப்போது ஏற்றினார்கள் என்று பார்த்தால் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும்.

[திரையில்: 2008 - 2018 - 2019 - 2022]

தமிழக நகராட்சிகளில் 2008-இல் சொத்து வரி பொதுச் சீராய்வு, அதாவது எல்லாச் சொத்துகளுக்கும் வரியை மறுபடி கணக்கிடுவது, நடந்தது. அடுத்தது 2018-இல்தான். வீடுகளுக்கு 50 சதவீதம் வரை, கடைகளுக்கு 100 சதவீதம் வரை என்று ஒரே தாவலாக ஏற்றினார்கள். ஊரெல்லாம் கூச்சல். உள்ளாட்சித் தேர்தல் பேச்சு வந்ததும், 2019 நவம்பரில் அரசே அதை நிறுத்தி வைத்தது. கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அடுத்த வரியில் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். வரி பழையபடி 2008 கணக்குக்கே போய்விட்டது.

இதற்கு நடுவில் நகராட்சியில் மன்றமே இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-ஆம் தேதிதான். ஐந்து வருஷத்துக்கும் மேல் கமிஷனரே தனி அலுவலராக இருந்து தீர்மானம் போட்டார். மன்றத்தின் தீர்மானமும் அவருடையது, அதை நிறைவேற்றுகிற நிர்வாகமும் அவரே. கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர்கூட கிடையாது. அந்தக் காலத்தில் வார்டில் சாக்கடை அடைத்தால் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அலைந்தவர்கள் நிறையப் பேர்.

சரி, புதிய கவுன்சிலர்கள் 2022 மார்ச்சில் பதவியேற்றார்கள். ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை, ஏப்ரல் தொடக்கத்தில் வரி உயர்வு அறிவிப்பு வந்துவிட்டது. 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. கடைகளுக்கும் 100. மத்திய அரசின் பதினைந்தாவது நிதிக்குழு, சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவு நிர்ணயித்து, மாநிலத்தின் வளர்ச்சியோடு சேர்த்து வரியும் உயரவேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தது. செய்யாவிட்டால் மானியம் வராது. ஆக, மன்றத்தில் கை தூக்கியவர்கள் கவுன்சிலர்கள்தான், ஆனால் முடிவு சென்னையிலும் டெல்லியிலும் எடுக்கப்பட்டிருந்தது. திட்டு வாங்கியது மட்டும் உள்ளூர்க்காரர்கள்.

[திரையில்: பூட்டிய நகரத்தார் வீடு, முகப்பு, வளவு, பின்கட்டு]

செட்டிநாட்டில் இந்த அடுக்கு எப்படி விழுகிறது என்று பாருங்கள். இங்கே பழைய வீடு என்றால் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். 1,800 சதுர அடி என்பது நடு முற்றமும் சுற்று அறைகளுமான வளவுக்கே போதாது. எனவே கிட்டத்தட்ட எல்லாமே கடைசி அடுக்கில், 100 சதவீதத்தில் நிற்கும். உதாரணத்துக்கு, அரையாண்டுக்கு 3,000 ரூபாய் கட்டிய வீடு 6,000 கட்டவேண்டும். வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்றால், வருஷத்தில் முன்னோரைக் கும்பிடுகிற ஒரு படைப்புக்கோ கல்யாணத்துக்கோ திறப்பார்கள். பங்காளிகள் பலர், ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில். யார் பங்கு எவ்வளவு என்பதில் பேச்சு முடிவதற்குள் வரி பாக்கி ஏறிவிடும். நான் இதில் நகராட்சியையும் குறை சொல்லமாட்டேன், வீட்டுக்காரர்களையும் சொல்லமாட்டேன். 2008-இலிருந்து ஆண்டுக்குக் கொஞ்சமாக ஏற்றியிருந்தால் இந்த அதிர்ச்சி வந்திருக்காது. ஏற்றாமல் விட்டதும் ஒரு கொள்கை முடிவுதான், அதற்கு யாரும் கையெழுத்துப் போடவில்லை, அவ்வளவே. ஊருக்குக் குடிநீர் தருகிற சம்பை ஊற்றுத் தண்ணீர் எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் அதை ஏற்றுகிற மோட்டாரின் கரண்ட் பில் அந்த 14 வருஷமும் வந்துகொண்டுதான் இருந்தது.

[திரையில்: எல்லை வரைபடம்]

இப்போது கணக்கே பெரிதாகிவிட்டது. 2024-இல் காரைக்குடி மாநகராட்சி ஆனது. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும், சங்கராபுரம், கோவிலூர், இலுப்பைக்குடி, அரியக்குடி, தளக்காவூர் ஊராட்சிகளும் சேர்ந்தன. சங்கராபுரத்துக்காரர் பார்வையில் பார்த்தால் இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஊராட்சியில் கட்டிய வீட்டு வரிக்குப் பதில் நகரக் கணக்கில் சொத்து வரி, அப்புறம் ஊராட்சிகளுக்கு மட்டுமான நூறு நாள் வேலை இனி இல்லை. சாலையும் குடிநீர்க் குழாயும் வரும் என்கிறார்கள், வரட்டும். ஆனால் வரி உடனே வரும், குழாய் எப்போது வரும் என்பதை பட்ஜெட்டில் தேடிப் பார்க்கவேண்டும். வருவாய் நிதி, குடிநீர் வடிகால் நிதி, கல்வி நிதி என மூன்று கணக்குகள் தனித்தனியே இருக்கும். உங்கள் பகுதிக்குக் குழாய் என்றால் இரண்டாவதில் தேடுங்கள், முதலாவதில் அல்ல.

2022-இல் வந்த மன்றத்தின் ஐந்து வருஷம் 2027 தொடக்கம் வரைதான். அடுத்த தேர்தலுக்கு முன் புதிய எல்லைக்கு வார்டு பிரிக்கவேண்டும். எந்தத் தெரு எந்த வார்டில் விழுகிறது என்ற வரைவு வெளியாகும்போது ஆட்சேபணை சொல்ல நாள் கொடுப்பார்கள். கோட்டையூர், கண்டனூர்க்காரர்கள் அந்தக் காகிதத்தை வாங்கி ஒருமுறை படித்துவிடுங்கள்.