தலை வித்தியாசத்துல முடிஞ்ச ரேஸ்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். குதிரை ரேஸ் பத்தி ஏதாவது பேசுங்கன்னு நிலையத்துல கூப்பிட்டப்போ நான் கொஞ்சம்கூட யோசிக்கல, ஒரே ஒரு ரேஸ் பத்தி மட்டும் பேசறேன்னு சொல்லிட்டேன். 1978 ஜூன் 10, நியூயார்க் பெல்மாண்ட் பார்க். அஃபர்ம்ட், ஆலிடார்னு ரெண்டு குதிரை. ஜெயிச்சது அஃபர்ம்ட், ஒரு தலை வித்தியாசத்துல. முடிஞ்சுபோன ரேஸுல பேச என்ன இருக்குன்னு கேப்பீங்க. ரேஸ் பைத்தியம் நாலு பேர் எங்க உக்காந்தாலும் இந்த ரேஸ் வந்துரும், வந்தா டீ ஆறிப்போகும், அப்படி ஒரு ரேஸ் இது. எங்க கூட்டத்துல ஒரு அண்ணன் இருக்காரு, எழுபதைத் தாண்டிட்டாரு, இன்னைக்கும் ஆலிடார் பக்கம்தான். நான் பல வருஷமா அவரோட இதுக்காக மல்லுக்கட்டிட்டு இருக்கேன்.

முதல்ல ட்ரிபிள் கிரவுன்னா என்னன்னு சொல்லிடறேன். அமெரிக்காவுல மூணு வயசுக் குதிரைங்களுக்கு அஞ்சே வாரத்துல மூணு பெரிய ரேஸ், கென்டக்கி டெர்பி, ப்ரீக்னஸ், பெல்மாண்ட். மூணையும் ஒரே குதிரை அடிச்சாத்தான் ட்ரிபிள் கிரவுன். ஒரு குதிரைக்கு மூணு வயசு ஒரு தடவைதான் வரும், அதனால இன்னொரு சான்ஸே கிடையாது. 1973ல செக்ரடேரியட் அடிச்சது, 1977ல சியாட்டில் ஸ்லூ, அடுத்த வருஷமே அஃபர்ம்ட். அதுக்கப்புறம் 37 வருஷம் ஒரு குதிரையாலயும் முடியல, 2015ல அமெரிக்கன் ஃபேரோ வந்துதான் அடிச்சது.

இப்ப உறவுமுறை. ரெண்டுமே செந்நிறக் குதிரை. ஆலிடாரோட அப்பா ரெய்ஸ் எ நேட்டிவ்னு ஒரு குதிரை. அதே ரெய்ஸ் எ நேட்டிவோட இன்னொரு மகன் எக்ஸ்க்ளூசிவ் நேட்டிவ், அவன்தான் அஃபர்ம்டோட அப்பா. நம்ம வழக்கப்படி பாத்தா ஆலிடார் அஃபர்ம்டுக்கு சித்தப்பா முறை, ஒரே வயசு சித்தப்பா. கிராமத்துல அந்த மாதிரி சித்தப்பாவும் மகனும் ஒரே கிளாஸ்ல படிச்சு வளந்ததைப் பாத்திருப்பீங்க, எல்லாத்துலயும் போட்டி, ஆனா ஒருத்தன் இல்லாம இன்னொருத்தனைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க. இதுங்க கதையும் அப்படித்தான்.

ரெண்டு வயசுலயே, 1977ல, ஆறு தடவை மோதிட்டாங்க. நாலுல அஃபர்ம்ட், ரெண்டுல ஆலிடார். ஒரு தடவை அரை லெங்த்து, ஒரு தடவை மூக்கு, ஒரு தடவை நெக்குன்னு அஃபர்ம்ட் ஜெயிச்சதெல்லாம் பெரும்பாலும் நூலிழையில. லெங்த்துன்னா குதிரையோட உடம்பு நீளம், சுமாரா ரெண்டரை மீட்டர், அதுக்குக் கீழ நெக்கு, அதுக்கும் கீழ தலை, கடைசியா மூக்கு, அவ்ளோதான் ரேஸ் கணக்கு.

அப்புறம் அஃபர்ம்ட் கலிஃபோர்னியாவுக்குப் போயிடுச்சு, ஆலிடார் ஃப்ளோரிடாவுக்கு. 1978 வசந்தத்துல ஆலிடார் கென்டக்கி கீன்லாண்ட்ல ப்ளூ கிராஸ் ரேஸ் ஓடுது. ஆலிடாரோட சொந்தக்காரங்க கலுமெட் ஃபார்ம், ஒரு காலத்துல டெர்பின்னாலே கலுமெட்தான்னு இருந்த பண்ணை, வர்லவேயும் சைட்டேஷனும் அங்க பொறந்த ட்ரிபிள் கிரவுன் குதிரைங்க. பின்னாடி பல வருஷம் ஒண்ணும் இல்லாம சோர்ந்து போயிருந்தாங்க. பண்ணையோட முதலாளி மார்க்கி தம்பதி, ரெண்டு பேருக்கும் நல்லா வயசாயிடுச்சு, ஸ்டாண்ட்ல ஏறி உக்கார முடியாது. அவங்களைக் கார்லயே வேலி ஓரமா கொண்டுவந்து நிறுத்துனாங்க. ஜாக்கி ஹோர்ஹே வெலாஸ்கஸ் ரேஸுக்கு முன்னாடி குதிரையைத் தனியா அந்த வேலி வரைக்கும் நடத்திட்டுப் போய் அவங்களுக்குக் காட்டுறாரு. அதுக்கப்புறம் போய் 13 லெங்த்துல ஜெயிக்குது. அண்ணன் இந்த இடத்தைச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் அவருக்குக் குரல் கம்மும். எனக்கும்தான். நான் அஃபர்ம்ட் கட்சி, ஆனா அந்தக் காரையும் வேலிக்கு மேல நீட்டுன அந்தக் குதிரைத் தலையையும் நினைச்சா கட்சியெல்லாம் மறந்துபோகும்.

டெர்பியில ஆலிடார்தான் பேவரிட். ஆனா ரொம்பப் பின்தங்கிப் போய்க் கடைசியில ஓடி வந்து ஒன்றரை லெங்த்துல தோத்துச்சு. ரெண்டு வாரம் கழிச்சு ப்ரீக்னஸ், இன்னும் கிட்ட வந்துச்சு, நெக்குல தோத்துச்சு. ஒன்றரை லெங்த்து, நெக்கு, இப்படிக் குறைஞ்சுட்டே வருதா, பெல்மாண்ட் மூணுலயும் நீளமான ரேஸ், 12 ஃபர்லாங், ஒன்றரை மைல். தூரம் கூடினா ஆலிடாருக்குத்தான் நல்லதுன்னு பாதிப் பேர் நம்புனாங்க. ட்ரைனர் ஜான் வீச் ஒரு வேலையும் பண்ணாரு, ஆலிடாருக்கு எப்பவும் மாட்டுற பிளிங்கர்ஸைக் கழட்டிட்டாரு. பிளிங்கர்ஸ்னா ஓரக்கண்ணுல எதுவும் தெரியாம இருக்க மாட்டுற மறைப்பு. அதைக் கழட்டினா பக்கத்துல அஃபர்ம்ட் ஓடுறதை ஆலிடார் பாக்கும், பாத்தா விடாதுன்னு கணக்கு.

இப்ப ரேஸ். பெல்மாண்ட் பார்க்கோட சுத்தளவே ஒன்றரை மைல்தான், அதனால ஸ்டாண்டுக்கு முன்னாடி கிளம்பி முழு வட்டம் அடிச்சு அங்கயே வந்து முடியணும். அஞ்சே குதிரைதான், மத்த மூணைப் பத்திப் பேச எதுவும் இல்ல, மூணாவதா வந்தது பத்து லெங்த்துக்கு மேல பின்னாடி. அஃபர்ம்ட் மேல ஸ்டீவ் காத்தன், 18 வயசுப் பையன், அஞ்சு வாரத்துக்கு முன்னாடிதான் 18 முடிஞ்சது. எடுத்த எடுப்புலயே முன்னாடி போய் உள்வேலியைப் பிடிச்சுட்டான். பிடிச்சுட்டு மெதுவா ஓட்டுனான். முதல் அரை மைல் 50 வினாடி. இது எவ்ளோ மெதுன்னா, அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இதே தரையில செக்ரடேரியட் அதே அரை மைலை 46.2ல ஓடிருக்கு. ஆறு ஃபர்லாங் முடியறப்போ 1 நிமிஷம் 14.

சண்டை இங்கதான் ஆரம்பிக்குது. அண்ணன் சொல்றது என்னன்னா, அந்தப் பையனை வெலாஸ்கஸ் சும்மா விட்டுட்டாரு, மூச்சு வாங்க நேரம் குடுத்துட்டாரு, முன்னாடி ஓடுற குதிரைக்கு மூச்சு கிடைச்சா அதை யார் பிடிக்கறது. வேகமா இழுத்துட்டு ஓட இன்னொரு குதிரையை கலுமெட் சேத்து இறக்கியிருக்கணும்ம்பாரு. இது பாதி நியாயம், நான் ஒத்துக்கறேன். ஆனா இதே ரேஸைப் பத்தி இன்னொரு கூட்டம் என்ன சொல்லுதுன்னா, வெலாஸ்கஸ் ரொம்ப சீக்கிரம் போயிட்டாரு, ஏழு ஃபர்லாங் பாக்கி இருக்கும்போதே பக்கத்துல போய் ஒட்டிக்கிட்டாரு, கடைசி வளைவு வரைக்கும் பொறுத்திருக்கணும்னு. ஒரே ஜாக்கியை சீக்கிரம் போனாருன்னும் லேட்டாப் போனாருன்னும் திட்டுனா என்ன அர்த்தம்? எனக்குத் தெரிஞ்சு அந்த மனுஷன் அன்னைக்கு ஒரு தப்பும் பண்ணல. டெர்பியில பின்னாடி இருந்து பாத்தாச்சு, ப்ரீக்னஸ்ல கொஞ்சம் கிட்ட இருந்து பாத்தாச்சு, மிச்சம் இருந்த ஒரே வழி பக்கத்துலயே நின்னு பலப்பரீட்சை பண்றதுதான், அதைத்தான் பண்ணாரு.

அப்புறம் நேரக் கணக்கைப் பாருங்க. மொத்த ரேஸ் 2 நிமிஷம் 26.8 வினாடி. முதல் ஆறு ஃபர்லாங் 1:14ன்னு சொன்னேன் இல்லையா, கழிச்சுப் பாத்தா கடைசி ஆறு ஃபர்லாங் 1:12.8. ஒன்றரை மைல் ரேஸுல முதல் பாதியைவிட ரெண்டாவது பாதியை வேகமா ஓடிருக்குங்க, அதுவும் ஒண்ணை ஒண்ணு ஒட்டிக்கிட்டு. மெதுவான ரேஸு அதனால அஃபர்ம்ட் தப்பிச்சதுன்னு சொல்றவங்க இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாக்கணும். மெதுவா ஓடுனது பாதி ரேஸ்தான், மீதி நெஞ்சு வெடிக்கற ஓட்டம்.

ஆலிடார் பக்கம் நிஜமா பலமான ஒரு வாதம் இருக்கு, அதை அண்ணனுக்கு நானே எடுத்துக் குடுத்தேன். வளைவுல உள்பக்கம் அஃபர்ம்ட், வெளிப்பக்கம் ஆலிடார். ஒரு மீட்டர் தள்ளி வெளியே ஓடினா அரை வட்டத்துல மூணு மீட்டருக்கு மேல கூடுதலா ஓடணும், பள்ளிக்கூடத்துல படிச்ச பை கணக்குதான். கடைசி வளைவு முழுக்க ஆலிடார் வெளியேதான். அப்ப அது ஓடுன தூரம் ஒரு லெங்த்துக்கு மேல அதிகம், தோத்ததோ ஒரு தலை. இதை நான் சொன்னப்போ அண்ணன் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. ஆனா நான் அங்கயே நிறுத்தல. அந்த உள்வேலி அஃபர்ம்டுக்கு யாரும் தானமாக் குடுத்தது இல்ல, முதல்ல கிளம்பி முதல்ல போய் சம்பாதிச்ச இடம். முன்னாடி போறவனுக்கு உள்பக்கம், அது ரேஸோட நியாயம்.

கடைசி நேர் ஓட்டத்துக்கு வருவோம். அமெரிக்காவுல இடது பக்கமாத்தான் சுத்துவாங்க, அதனால வேலி இடது, ஆலிடார் வலது. ரெண்டும் தோளோட தோள் உரசிட்டு வருது. கூட்டம் 65 ஆயிரத்துக்கு மேல, எல்லாரும் எழுந்து நிக்கறாங்க. ஒரு கட்டத்துல ஆலிடாரோட மூக்கு முன்னாடி வந்துடுச்சுன்னு பாத்தவங்க பல பேர் இன்னைக்கும் சத்தியம் பண்றாங்க. அந்தப் படத்தை நான் எத்தனையோ தடவை நிறுத்தி நிறுத்திப் பாத்திருக்கேன், கேமரா சாய்வா இருக்கறதால அடிச்சு சொல்ல முடியாது, கோடு தாண்டற இடத்துல எடுக்கற போட்டோ மட்டும்தான் நேரானது. ஆனா முன்னாடி வந்திருக்கும்னுதான் என் மனசு சொல்லுது.

காத்தன் வலது கையில சவுக்கு வெச்சிருக்கான். ஆலிடார் அவ்ளோ நெருக்கமா இருக்கறதால வலது கையை ஓங்க இடமே இல்ல. அங்க அந்தப் பையன் சவுக்கை இடது கைக்கு மாத்தறான். மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்துல, கடிவாளத்தை விடாம, குதிரையோட நடை குலையாம, பக்கத்துல இன்னொரு குதிரை மூச்சு விடற சத்தம் காதுல கேக்கற தூரத்துல. அதுவரைக்கும் அஃபர்ம்டை அவன் இடது கையால அடிச்சதே கிடையாது. குதிரைக்கு அது புதுசு, திடுக்குனு இன்னும் ஒரு பிடி குடுக்குது. அந்த அடியை இப்ப பாக்கும்போது எனக்கு மனசு கஷ்டமாத்தான் இருக்கு, அதை மறைக்க விரும்பல. ஆனா அன்னைக்கு அஃபர்ம்ட் அடிக்கு பயந்து ஓடுச்சுன்னு யாராவது சொன்னா நான் நம்ப மாட்டேன். அந்தக் குதிரையோட குணம் தெரியணும். தனியா முன்னாடி போனா காதைத் தூக்கிட்டு வேடிக்கை பாத்துட்டு ஓடும், சோம்பலாயிடும். பக்கத்துல ஒருத்தன் வந்து நின்னாத்தான் காது பின்னாடி படியும், அப்புறம் விடவே விடாது. ஆலிடார் இல்லேன்னா அஃபர்ம்ட் என்ன குதிரைன்னு நமக்குத் தெரிஞ்சே இருக்காது. என் கட்சி மொத்தமும் இதுதான், தூரமோ வேகமோ இல்ல, அந்தப் பிடிவாதம்.

மூணு ரேஸும் சேத்து 31 ஃபர்லாங்குக்கு மேல, ஆறு கிலோமீட்டருக்கு மேல. மூணுலயும் ஆலிடார் தோத்த வித்தியாசத்தைக் கூட்டுனா ரெண்டு லெங்த்துகூட வராது, அஞ்சு மீட்டருக்குள்ள. மூணுலயும் ரெண்டாவதா வந்த குதிரை வரலாறுலயே ஆலிடார் ஒண்ணுதான். வேற எந்த வருஷத்துல பொறந்திருந்தாலும் ட்ரிபிள் கிரவுன் அதுக்குத்தான்னு அண்ணன் சொல்வாரு. 1975ல பொறக்காம 1970ல பொறந்திருந்தா செக்ரடேரியட் இருந்திருக்குமேண்ணேன்னு நான் கேப்பேன், அது பேயி, அதைக் கணக்குல சேக்காதடாம்பாரு.

பத்தாவது தடவையா, கடைசியா, அதே வருஷம் ஆகஸ்ட்ல சரடோகாவுல டிராவர்ஸ் ரேஸ். காத்தனுக்கு அடிபட்டிருந்ததால அஃபர்ம்ட் மேல லஃபிட் பின்கே. முன்னாடி வந்தது அஃபர்ம்டுதான், ஆனா வழியில ஆலிடாரை மறிச்சிடுச்சுன்னு ஸ்டூவர்டுங்க, அதாவது ரேஸ் நடுவருங்க, ரெண்டாவது இடத்துக்கு இறக்கிட்டாங்க. ஏழுக்கு மூணுன்னு கணக்கு முடிஞ்சது, இப்படி முடிஞ்சிருக்க வேண்டாம்னு ரெண்டு கட்சிக்காரங்களுக்கும் வருத்தம்.

ஓட்டத்துல தோத்தது வம்சத்துல ஜெயிச்சது. ஆலிடாரோட மகன் அலிஷீபா 1987ல கென்டக்கி டெர்பி அடிச்சான், இன்னொரு மகன் ஈஸி கோயர் 1989ல அதே பெல்மாண்டை, அப்பா ஒரு தலையில விட்ட அதே ரேஸை, எட்டு லெங்த்துல அடிச்சான். அந்த வருஷம் ட்ரிபிள் கிரவுன் வாங்கப்போன சண்டே சைலன்ஸ் ரெண்டாவது. அண்ணன் கிட்ட இந்தக் கணக்கைச் சொல்லவே வேணாம், தேதியோட சொல்வாரு.

இன்னொண்ணு சொல்லிட்டு முடிச்சுக்கறேன். ரிட்டயர் ஆகி சில வருஷம் கழிச்சு அஃபர்ம்டையும் கலுமெட் பண்ணைக்கே கொண்டுவந்தாங்க. ஆலிடாரோட வீடு அது. 1990 நவம்பர்ல ஆலிடார் கால் உடைஞ்சு சாகற வரைக்கும் ரெண்டும் ஒரே பண்ணையிலதான் புல்லு மேய்ஞ்சுதுங்க.