விசுவாசமும் தூரிகையும்

நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம். கிறிஸ்தவர் ஒருவர் தம் விசுவாசத்தின் வெளிப்பாடாக ஓவியம் வரைவதைப் பற்றிப் பேசும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். மட்டக்களப்பில் ஓவியத்தையே தொழிலாகக் கொண்டு வாழ்பவள் என்பதால், என் கைக்குப் பழக்கமான வேலையை வைத்தே இதைப் பேச விரும்புகிறேன்.

நம்மில் பலருடைய மனத்தில் இருக்கும் தயக்கத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம். வில்லியம் ஓல்ட் 1814ஆம் ஆண்டு இங்கு வந்து மெதடிஸ்த ஊழியத்தைத் தொடங்கிய நாள் முதல், எங்கள் சபையின் வழிபாடு வேத வசனத்தையும் பாட்டையும் பற்றியே வளர்ந்து வந்திருக்கிறது. அந்தச் சூழலில் வளர்ந்த ஒருவர் கிறிஸ்துவை வரையத் தூரிகையை எடுக்கும்போது, சுரூபத்தை உண்டாக்க வேண்டாம் என்ற கட்டளை நினைவுக்கு வராமல் இராது. அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கட்டளை யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் இருக்கிறது என்றால், உடன்படிக்கைப் பெட்டியின் மேல் பொன்னால் கேருபீன்களை, அதாவது சிறகுள்ள வானவர் உருவங்களை, செய்யச் சொல்லும் கட்டளையும் அதே புத்தகத்தின் 25ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. 31ஆம் அதிகாரத்தில் பெசலெயேல் என்ற கைவினைஞர் வருகிறார். தேவ ஆவியினால் நிரப்பப்பட்டவர் என்று வேதம் முதன்முதலாகச் சொல்வது இவரைத்தான். பொன், வெள்ளி, வெண்கல வேலைக்கும் கல் இழைப்பதற்கும் மரத்தில் சித்திரம் செதுக்குவதற்குமே அந்த ஆவி அவருக்கு அருளப்பட்டது. கடவுளுக்குரிய வணக்கத்தைக் கைவேலைக்குச் செலுத்துவதுதான் தடுக்கப்பட்டது, கைவேலை தடுக்கப்படவில்லை. 787ஆம் ஆண்டு கூடிய திருச்சபைப் பொதுச் சங்கமான இரண்டாம் நிசேயா சங்கமும், படத்துக்குச் செலுத்தும் மரியாதை வேறு, கடவுளுக்கே உரிய ஆராதனை வேறு என்று தெளிவாகப் பிரித்துக் காட்டியது.

பெசலெயேலின் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. ஆவியினால் நிரப்பப்பட்டவருக்குக் கிடைத்தது பரவசம் அன்று, திறமை. ஆகவே, பக்தியோடு வரைந்தேன் என்று சொல்லிக் கோணலான கையையும் அவசரப்பட்டுத் தீட்டிய வானத்தையும் நியாயப்படுத்த முடியாது என்றே நம்புகிறேன்.

நம் வீடுகளில் தொங்கும் நாட்காட்டிப் படங்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். எத்தனையோ தாய்மார் அவற்றின் முன்னால் நின்று அழுது ஜெபித்திருக்கிறார்கள். ஆனாலும் தன் விசுவாசத்திலிருந்து வரையும் ஒருவர் அந்த வெளிர்நிற முகத்தையும் பொன்னிறச் சுருள் முடியையும் பிரதி எடுப்பதோடு நின்றால், அவர் வரைந்தது வேறொருவருடைய ஜெபமாகவே இருக்கும். இந்த நாட்டிலேயே நமக்கு முன்மாதிரி இருக்கிறது. கண்டி திரித்துவக் கல்லூரியின் சிற்றாலயத்துச் சுவர்களில் டேவிட் பெயின்டர் தீட்டிய கிறிஸ்துவுக்குத் தாடி இல்லை. அவரைச் சூழ்ந்திருப்போர் இந்த மண்ணின் முகங்களைக் கொண்டவர்கள். அந்த ஆலயத்தின் கற்றூண்களும் கண்டிய மரபில் செதுக்கப்பட்டவை. அதற்காக, இயேசுவுக்குச் சாரம் உடுத்திவிட்டால் படம் நம்முடையதாகிவிடும் என்றும் எண்ணிவிடக் கூடாது. உடையை மாற்றுவது எளிது. வேதப் பகுதியை நம் கண்ணால் வாசிப்பதுதான் கடினம்.

யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு முழுவதும் வலை வீசியும் ஒன்றும் அகப்படாத சீடர்கள் விடியற்காலையில் கரைக்கு வரும்போது, உயிர்த்தெழுந்த ஆண்டவர் கரிநெருப்பு மூட்டி, அதன்மேல் மீன் வைத்துக் காத்திருக்கிறார். வாவிக் கரையில் வளர்ந்த எவருக்கும் இதில் விளங்காத பொருள் ஒன்றுமில்லை. கலிலேயாக் கடல் எனப்படுவது உண்மையில் ஒரு நன்னீர் ஏரி; அங்கே இன்றும் பேதுருவின் மீன் என்று பரிமாறப்படுவது திலாப்பியா. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு இன்று நம் குளங்களில் நிறைந்திருக்கும் திலாப்பியாவும் அதே குடும்பத்து மீன்தான். ஆகவே நெருப்பின்மேல் எந்த மீனை வரைவது என்று நான் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

நான் யோசித்தது நெருப்பைப் பற்றி. இந்த நற்செய்தியில் இதற்கு முன் ஒரு கரிநெருப்பு 18ஆம் அதிகாரத்தில், பிரதான ஆசாரியனின் முற்றத்தில் எரிகிறது. பேதுரு குளிர்காய்ந்தபடி ஆண்டவரை மறுதலித்தது அந்த நெருப்பருகேதான். இப்போது இன்னொரு கரிநெருப்பருகே, என்னை நேசிக்கிறாயா என்று மூன்று தரம் கேட்கப்படப்போகிறது. இதை உணர்ந்த பிறகு அந்த நெருப்பைக் காட்சியின் ஓரத்தில் ஓர் அலங்காரமாக வைக்க என்னால் முடியவில்லை. பேதுருவின் முகத்தில் விழும் ஒரே வெளிச்சம் அதிலிருந்துதான் வர வேண்டும் என்று முடிவுசெய்தேன். வானத்தைக் கல்லடியில் சூரியன் கடலுக்கு மேலே எழுமுன் தெரியும் சாம்பல் நீலத்திலேயே நிறுத்தினேன். கரிக்குக் கறுப்பு நிறத்தைத் தொடவில்லை. குழாயிலிருந்து வரும் கறுப்பு, படத்தில் ஓட்டை விழுந்ததுபோல உயிரற்றுக் கிடக்கும். அல்ட்ராமரைன் நீலத்தையும் பேர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் கலந்தால் வரும் கருமையில் சூடு இருக்கிறது. அதன்மேல் வெண்சாம்பலை மெல்லப் பூசி, வெடிப்புகளில் மட்டும் சிவப்பை விட்டுவைத்தேன்.

ஆண்டவரின் முகத்தை நான் வரையவில்லை. அவர் குந்தியிருந்து, குனிந்து மீனைப் புரட்டுகிறார். நமக்குத் தெரிவது முதுகும் கையும்தான். அந்தக் கையில் ஆணித் தழும்பு இருக்கிறது. சாவை வென்றவர் தம்மைக் கைவிட்டு ஓடியவர்களுக்குக் காலைச் சாப்பாடு செய்கிறார் என்பதை எந்தப் பிரசங்கத்தில் கேட்டதைவிடவும் அந்த விரல்களை வரைந்த நாட்களில்தான் நான் ஆழமாக விசுவசித்தேன். ஏற்கெனவே முடிந்துபோன விசுவாசத்தைப் படமாக்குவது என்று பலர் இந்த வேலையைப் பற்றி நினைக்கிறார்கள். என் அனுபவம் அப்படியன்று. வரையும்போதுதான் நான் எதை நம்புகிறேன், எதை வாயளவில் சொல்லிவந்திருக்கிறேன் என்பது எனக்கே தெரியவருகிறது.

இந்தக் கரையில் வாழும் நாம் துயரத்தைத் தவிர்த்துவிட்டு இதைப் பேச முடியாது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் எடுத்துக்கொண்டவர்களை மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எந்தக் குடும்பம் மறக்கும்? 2019ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகள் உட்படப் பலர் கொல்லப்பட்டார்கள். இவற்றுக்குப் பிறகு, விசுவாசம் உள்ளவர் ஒளியையும் புறாக்களையும் மட்டுமே வரைய வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. சங்கீதப் புத்தகத்தில் எத்தனை புலம்பல்கள்! 88ஆம் சங்கீதம் ஆறுதல் ஒன்றும் சொல்லாமல் இருளிலேயே நின்றுவிடுகிறது. அதையும் வேதம் தன்னுள் வைத்திருக்கிறது. அதைப் பாடியவர் கடவுளைவிட்டு விலகிப் பாடவில்லை, கடவுளை நோக்கியே பாடினார். இழப்பை வரைகிற ஒருவரிடம் நம்பிக்கையாக ஏதாவது சேருங்கள் என்று நாம் அவசரப்படுத்தாதிருப்போமாக.

சபைக் குழுக்களிலும் பங்குச் சபைகளிலும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஆலயத்துக்குப் படமோ சிலுவைப்பாதைக் காட்சிகளோ தேவைப்படும்போது, அச்சிட்டதைத் தருவிக்குமுன் உங்கள் ஊரில் வரையத் தெரிந்த பிள்ளை யார் என்று விசாரித்துப் பாருங்கள். கல்லடியில் உள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்து வெளியேறும் இளைஞர்கள் நம் மத்தியிலேயே இருக்கிறார்கள். கையில் ஒரு மாதிரிப் படத்தைக் கொடுத்து இதைப்போல வரை என்று சொல்லாமல், வேதப் பகுதியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கப் போதிய காலமும் கொடுங்கள். ஊழியம்தானே என்று எண்ணி, நிறத்துக்கும் ஓவியச் சீலைக்கும் ஆகும் செலவையும் கூலியையும் அந்தப் பிள்ளையின் தலையில் வைத்துவிடாதீர்கள். செவிமடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம்.